யுத்தம் பெற்ற பேய்கள்

பேய் உண்டா, இல்லையா என்று கேட்டால், இல்லை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அதற்கு ஒரு கூட்டம் வேண்டியதில்லை. ஆனால், இல்லாத பேயானது மெத்தப் படித்தவர்கள் எழுதும் புத்தகங்களிலும் வந்து உட்கார்ந்து கொள்வானேன் என்பதுதான் நாம் இன்று யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

1914-ம் வருஷம் முதல் உலக யுத்தம் மூண்டது. பெல்ஜியத்தில் மான்ஸ் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை பின்வாங்கிற்று. அடுத்த மாதமே ஆர்தர் மேக்கன் என்பவர், பழங்காலத்து வில்வீரர்கள் ஆவியாய் வந்து அப்படையைக் காப்பாற்றியதாக லண்டன் பத்திரிகை ஒன்றில் கதை எழுதினார். மறு வருஷத்திற்குள், தேவதூதர்களே வந்திறங்கியதாக நாடெங்கும் பரவிவிட்டது. "ஐயா, அது நான் கட்டிய கதை" என்று அவர் சொல்லியும் கேட்பாரில்லை. எழுதினவன் பொய் என்கிறான்; படித்தவன் மெய் என்கிறான்! ஏன்? பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தூங்காமலிருந்தவர்களுக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது.

சர் ஆலிவர் லாட்ஜ் பெயர்பெற்ற விஞ்ஞானி. அவர் மகன் ரேமண்ட் 1915-ல் யுத்தத்தில் மாண்டான். 1916-ல், ஆவி பேசுவோர் மூலம் அவனோடு பேசியதாக அவர் பெரிய புத்தகமே வெளியிட்டார். மேலுலகத்தில் சுருட்டும் விஸ்கியும்கூடக் கிடைக்கின்றனவாம்! சிரிப்பு வருகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். மாண்டவர் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாதென்று பிரிட்டிஷார் தடை செய்திருந்தார்கள். உடலே கிடைக்காதவர்களும் ஏராளம். பிரான்சில் தீப்வால் நினைவு மண்டபத்தில் மாத்திரம் அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் 72,000-க்கு மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. பிணத்தைக் காணாத தாய், பிள்ளை செத்தான் என்று எப்படி நம்புவாள்? கதவு ஆடினாலும் அவன்தான் என்பாள். அந்தக் காத்திருத்தலுக்குத்தான் பேய் என்று பெயர்.

அதைக் காசாக்கினவர்கள் மேல்தான் நமக்குக் கோபம். கிப்ளிங் என்ற ஆசிரியரின் ஒரே மகனும் 18 வயதில் 1915-ல் லூஸ் போரில் காணாமற் போனான். அவரோ ஆவி பேசுவோரை நாடாமல், அவர்களைக் கண்டித்தே 1919-ல் பாட்டு வெளியிட்டார். துக்கம் ஒன்றுதான், ஏமாந்தே தீரவேண்டும் என்பதில்லை.

1925-ல் வர்ஜீனியா உல்ஃப் அம்மையார் "மிஸ்ஸஸ் டாலோவே" என்னும் நாவல் எழுதினார். அதில் செப்டிமஸ் என்ற பழைய சிப்பாய்க்கு, யுத்தத்தில் செத்த சிநேகிதன் எவான்ஸ் லண்டன் பூங்காவில் எதிரே வருகிறான். அவன் செத்தபோது இவன் அழவில்லை. அழாததைப் பெருமையாகவும் எண்ணினான். அந்த அழாத அழுகைதான் பேயாய் வருகிறது. வைத்தியரோ, "உனக்கு ஒன்றுமேயில்லை" என்கிறார். முடிவில் அவன் ஜன்னலிலிருந்து குதித்து மாள்கிறான்.

தோழர்களே! இதை நாம் நன்றாய்க் கவனிக்க வேண்டும். "பேய் இல்லை" என்று சொல்லிவிட்டு நாமும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவோமானால், நாமும் அந்த வைத்தியர் தானே? பேய் பொய், ஆனால் பேயைக் கண்டவன் துயரம் மெய். ஆகையால், பிள்ளையைக் கண்டேன் என்று அழுகிற தாயைப் பரிகசியாமல், அவள் பக்கத்தில் உட்காருவோம். அழுது முடிந்தபின், "அம்மா, உன் பிள்ளையைக் கொண்டுபோனது பேயல்ல, யுத்தம், அதை மூட்டியவர்கள் மனிதர்கள்" என்று சொல்லுவோம். அந்த மனிதர்களைக் கேள்வி கேட்பதுதான் உண்மையான பேயோட்டுதல் என்பது நமது அபிப்பிராயம்.