காய்ந்தும் சாகாத கிருமிகள்

நெத்திலிக் கருவாடு, மிளகாய்த் தூள், வறுத்த கடலை, பால்மாவு என்று நம் அடுப்படி அலமாரியில் இருப்பவற்றுள் பாதி காய்ந்த பொருள்கள்தாம். காய்ந்தது கெடாது என்பது நம் பாட்டிமார் அனுபவத்தில் கண்ட உண்மை. ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. ஆனால் பெருகாமல் இருப்பது வேறு, செத்துப்போவது வேறு. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். முக்கியமாகப் பால்போத்தல் கலக்கும் தாய்மார்கள் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

ரப்பர் விதையைப் பொறுக்கி வந்து நன்றாகக் காயவைத்துவிட்டால் பிறகு அது முளைக்காது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு இது தெரியும். நெல் அப்படியன்று. வெயிலில் காய்ந்து, மூட்டையில் மாதக்கணக்காகக் கிடந்தாலும் ஈரம் பட்டதும் முளைவிடும். கிருமிகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. காலராக் கிருமி ரப்பர் விதையைப் போன்றது. உலர்ந்தால் விரைவில் மடிந்துவிடும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மோனெல்லாவோ நெல்லைப் போன்றது. காய்ந்த மாவில் அது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும்.

"தண்ணீர் இல்லாமல் உயிர் எப்படி இருக்கும், சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கிருமியின் உடல் ஒரே ஓர் உயிரணு. சுற்றிலும் ஈரம் வற்றினால் உள்ளே இருக்கும் நீரும் வெளியேறத் தொடங்கும். நீர் போனால் உள்ளிருக்கும் புரதங்கள் உருக்குலையும். மேலே மூடியிருக்கும் மெல்லிய சவ்வும் கிழியும். அதற்கு இடங்கொடாமல் கிருமி முந்திக்கொள்கிறது. முதலில் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு புரோலின், பீட்டெய்ன் போன்ற பொருள்களை வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கிறது. டிரெகலோஸ் என்ற சர்க்கரையைத் தானே செய்துகொள்கிறது. நீர் இருந்த இடத்தில் இவை நின்று புரதங்களுக்கு முட்டுக்கொடுக்கின்றன. அதன்பின் அது வளர்வதில்லை, பெருகுவதில்லை. மழைக் காலத்தில் பால்வெட்டு நின்றால் நாம் வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல அதுவும் சுருக்கிக்கொண்டு காத்திருக்கிறது.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. காய்ந்த கிருமிக்குச் சூடு அவ்வளவாக உறைப்பதில்லை. ஈரமான பாலை 72 பாகை செல்சியசில் 15 வினாடி வைத்தால் சால்மோனெல்லா மடிந்துவிடும். அதே கிருமி காய்ந்த மாவுக்குள் இருந்தால் அதே சூட்டைப் பல நிமிடம் தாங்கும். மசாலாத் தூளைக் கொதிக்கும் குழம்பில் போடுவதற்கும், நறுக்கிய மாங்காயின் மேல் அப்படியே தூவித் தின்பதற்கும் உள்ள வேறுபாடு இதனால்தான்.

இனிப் பால்மாவுக்கு வருவோம். உயரமான எஃகுக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பாலைப் பனித்துளிபோல் தூவி, சூடான காற்றைச் செலுத்துவார்கள். துளிகள் கீழே வந்து சேர்வதற்குள் மாவாகிவிடும். 1985-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பச்சிளங் குழந்தைகள் பலர் ஒரே வகைச் சால்மோனெல்லாவால் நோயுற்றனர். விசாரித்தபோது கெண்டால் என்ற ஊரில் செய்யப்பட்ட பால்மாவில் போய் நின்றது. உலர்த்தும் கோபுரத்தின் உள்தகட்டில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே மாவு கசிந்து, சூடு காக்கும் உறைக்குள் புகுந்து தங்கியிருந்தது. கிருமி அங்கே குடியிருந்துகொண்டு மாவோடு வந்திருக்கிறது. ஒரு பொட்டலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க கிருமிகளே இருந்தன. குழந்தைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிரான்சு நாட்டில் கிராவோன் என்ற ஊரில் நடந்தது இதைவிட வியப்பானது. 2005-இல் அங்குள்ள ஆலையின் பால்மாவால் 141 குழந்தைகள் நோயுற்றனர். ஆலை பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2017-இல் மறுபடியும் 30-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நோய் கண்டது. பாஸ்டர் ஆய்வுக்கழகத்தார் இரண்டு காலத்துக் கிருமிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டும் ஒரே குடும்பம்! பன்னிரண்டு ஆண்டுகளாக அது அந்த ஆலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. தரையையும் தடுப்புகளையும் பெயர்த்துச் செப்பனிட்டபோது அது வெளிப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே கூறியது.

தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். மாவுத் தூசி படிந்த இடுக்கில் தண்ணீர் பட்டால், தூங்கும் கிருமி விழித்துக்கொண்டு பெருகும். பிறகு ஈரம் உலர்ந்தால் முன்னைவிடப் பெருங்கூட்டமாக உறங்கப் போகும். ஆகவே மாவு ஆலைகளில் தூரிகையாலும் உறிஞ்சும் இயந்திரத்தாலும் துப்புரவு செய்கிறார்கள். கூரையில் ஒழுகல் என்றால் அங்கே அது பெரிய ஆபத்து.

ஆலையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பால்மாவு முற்றிலும் கிருமியற்ற பொருளன்று. சால்மோனெல்லாவைத் தவிரக் குரோனோபாக்டர் என்ற கிருமியும் அதில் இருக்கக்கூடும். அது நோய் உண்டாக்குவது அரிது. ஆனால் பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் வந்துவிட்டால் மூளையுறைக் காய்ச்சலாக மாறி உயிரைக் குடிக்கும்.

தாய்ப்பால் கொடுக்க முடிந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வழிமுறை வகுத்துக் கொடுத்தது. பால்மாவு கலக்கும் நீர் 70 பாகைக்குக் குறையக் கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்குள் கலக்க வேண்டும். போத்தலில் முதலில் அந்தச் சுடுநீரை ஊற்றி, பிறகு மாவைப் போட்டுக் குலுக்குங்கள். மூடிய போத்தலைக் குழாய்நீரில் காட்டி ஆற்றுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இதமாக இருந்தால் உடனே கொடுங்கள். வெதுவெதுப்பான நீர் போதும் என்று சில டின்களில் அச்சிட்டிருக்கும். குழந்தை மிகச் சிறியதானால் கிளினிக் தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சுடுநீரே நல்லது என்பேன்.

விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய்மார் பாலைக் கலந்து வைத்துவிட்டுப் போவதுண்டு. அது வேண்டாம். மாவு நனைந்துவிட்டது, தூக்கம் கலைந்துவிட்டது. நம் ஊர் வெக்கையில் கிருமி பெருக அதிக நேரம் பிடிக்காது. சூடு நன்றாகத் தாங்கும் தெர்மோசில் கொதிநீரையும், உலர்ந்த டப்பாவில் அளந்த மாவையும் தனித்தனியே கொடுத்துவிடுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவோ பாட்டியோ பசிக்கும் வேளையில் கலந்து கொடுக்கட்டும். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பால் ஆயிற்றே என்று மனம் கேட்காதுதான். ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

மாவு அள்ளும் கரண்டியைக் கழுவினால், நன்றாக உலர்ந்த பிறகே டின்னுக்குள் போடுங்கள். கொதிக்கும் கெட்டிலின் ஆவி படும் இடத்தில் டின்னைத் திறந்து வைக்க வேண்டாம்.