மலையிலிருந்து கடல்வரை, ஒரே பகலில்



கங்கைகொண்டான் ஊரிலிருந்து இன்று உங்களை ஒரு கார்ப் பயணத்துக்கு அழைத்துப் போகிறேன். திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரைச் சாலையில் இருக்கும் ஊர் அது. கார் என் அக்கா மகனுடையது. பெங்களூரில் வேலை பார்க்கிறான். பல வருடச் சேமிப்பைக் கொட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். இரண்டே கதவு. நீண்ட மூக்கு. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. முடுக்கினால் அந்தச் சத்தத்துக்கே தெருப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்துவிடுகிறார்கள்.

இந்த வண்டி வாங்கியதிலிருந்து அவனுக்கு ஆல்ப்ஸ் நினைப்புதான். இத்தாலியில் ஸ்டெல்வியோ என்று ஒரு கணவாய். ஆஸ்திரியர் ஆட்சியில், 1820களில் வெட்டிய சாலை. 2,757 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போய் இதுபோல ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டும் என்று, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் படமாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டாயம் போ மருமவனே. அதுக்கு முந்தி நம்ம ஆத்த ஒரு நாள் முழுசாப் பாத்துருவோம். மலையில தொடங்கி கடல்ல முடிப்போம்" என்றேன்.

"ஒரே நாள்லயா மாமா?"

ஒரே நாளில்தான். ரைன் நதியோடு கூடவே போவதென்றால் ஸ்விட்சர்லாந்து மலையிலிருந்து நெதர்லாந்துக் கடற்கரைவரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். டான்யூப் பத்து நாடுகளைத் தொட்டு ஓடுகிறது. நம் காவிரிக்கே குடகிலிருந்து பூம்புகார்வரை இரண்டு மாநிலம் வேண்டியிருக்கிறது. நம் ஊர் ஆறான தாமிரபரணியின் நீளம் மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து, புன்னக்காயலில் கடலில் கலக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் 1986இல் பிரியும்வரை பிறப்பும் முடிவும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. இத்தனை குறுகிய தூரத்துக்குள் மழைக்காடு, அணை, நெல்வயல், வாழைத்தோட்டம், மூவாயிரம் வருடப் பழைய இடுகாடு, கடல் என்று எல்லாவற்றையும் காட்டும் கார்ப் பாதை உலகத்தில் அபூர்வம். இதை உள்ளூர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

புறப்படும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கங்கைகொண்டான் என்பது ராஜேந்திர சோழனின் பட்டம். அவன் படை கங்கைவரை போய் வந்த பெருமையை, இவ்வளவு தெற்கே இருக்கும் இந்த ஊரும் பெயரில் தாங்கி நிற்கிறது. ஊர் வழியாக ஓடும் நாற்கரச் சாலைக்கு இப்போது எண் 44. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். முன்பு இதே சாலை எண் 7ஆக இருந்தபோது வாரணாசியில், கங்கைக் கரையில் தொடங்கியது. ஊரை ஒட்டி ஓடுவது சிற்றாறு. குற்றாலத்தில் நம் தலையில் விழும் தண்ணீர்தான் இங்கே வந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஊரில் உள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் டயர் தொழிற்சாலை ஒன்று உண்டு. டிராக்டர்களுக்கும் பண்ணை எந்திரங்களுக்கும் அங்கே செய்யும் டயர்கள் வெளிநாட்டு வயல்களுக்குப் போகின்றன. ஐரோப்பாவில் ஓட்ட வேண்டும் என்று ஏங்கும் என் மருமகனுக்கு முன்பே நம் ஊர் ரப்பர் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலைக்குப் பக்கத்திலேயே புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. 2013இல் அறிவித்தது. பரப்பு 288 ஹெக்டேர்தான். தண்ணீர் தேடியும் மேய்ச்சல் தேடியும் மான்கள் சாலையைக் கடக்கும். விடியற்காலையிலும் அந்தியிலும் இந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும் குறையுங்கள்.

நாங்கள் இருட்டோடு கிளம்பி, திருநெல்வேலி டவுனையும் அம்பாசமுத்திரத்தையும் தாண்டி, வெளிச்சம் வரும்போது விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தோம். 1880களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை வைத்தார்கள். மலையிலிருந்து விழும் தண்ணீரின் விசையாலேயே எந்திரத்தை ஓட்டலாம் என்று கண்டுகொண்ட இடம் இது. அதற்கு மேலே பாபநாசம். கோயில், படித்துறை, படித்துறையில் மீன்கள். ஆறு மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் முதலில் கால் வைப்பது இங்கேதான். ஆனால், பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் துணி பாறையில் சிக்கி, மக்கி, மீனுக்கும் கேடு, கீழே அதே தண்ணீரைக் குடிக்கும் ஊர்களுக்கும் கேடு. தயவுசெய்து விடாதீர்கள். குளியுங்கள், கும்பிடுங்கள், துணியை வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. சாலை மேலே ஏறத் தொடங்கியதும் மருமகன் முகம் மலர்ந்துவிட்டது. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, வளைவில் சீராகத் திருப்பி, வெளியே வரும்போது மெல்ல முடுக்கி ஓட்டினான். அழகாகத்தான் ஓட்டுகிறான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களுக்கு நடுவே தண்ணீரின் இரைச்சல். கண்ணாடியை இறக்கச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தை அமர்த்தி ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அந்தக் காற்றில் ஈரப்பாறையின் வாடையும் காட்டு இலையின் வாடையும் கலந்திருக்கும். இந்த மலைத்தொடரில்தான் அகத்தியமலை 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

நம் வானொலியில் தினமும் அணைகளின் நீர்மட்டம் கேட்கிறீர்கள். நிரம்பினால் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. நெல்லைக்காரர்களுக்கு இந்த மூன்று எண்களும் சொந்தக்காரர் வீட்டு நலம் விசாரிப்பதைப் போன்றவை. அணை எத்தனை அடி என்று கேட்டுத்தான் நாற்றங்கால் போடுவதைத் தீர்மானிக்கிறார்கள். செய்தியில் கேட்ட எண்ணை ஒரு முறை நேரில், தண்ணீராகப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு அந்தச் செய்தி வேறு மாதிரி காதில் விழும்.

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அந்தப் பாதை கரடுமுரடானது. தாழ்ந்த வண்டியை ஏற்றினால் முதல் பள்ளத்திலேயே அடி தட்டும். "இது நம்ம வண்டிக்கில்ல மாமா" என்று அவனே சொல்லிவிட்டான். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் வேறொரு நாளைக்கு, வேறொரு வண்டிக்கு.

இறங்கி வரும் வழிதான் இந்தப் பயணத்தின் உயிர். அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தால், வீரவநல்லூர், காருக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று வரிசையாக ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையில் வயல். இந்த ஆற்றில் மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி, நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு பழையவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கல்லைப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் கால்வாய்க்குத் திருப்புவதுதான் உத்தி. வெள்ளம் வந்தால் கல்லின் மேலேயே வழிந்து போய்விடும். கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். ஆறு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் சாலையோரம் அதன் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். வண்டி வளையும் இடங்களில் வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு குளத்தின் கரையாக இருக்கும்.

வயல்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று, அம்பை 16 என்ற நெல் ரகம். அதை நீங்கள் இட்லியாகச் சாப்பிட்டிருப்பீர்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ரகம் அது.

காருக்குறிச்சி வந்ததும் வண்டியின் பாட்டுப்பெட்டியில் நாகஸ்வரம் போடச் சொன்னேன். காருக்குறிச்சி அருணாசலம் பிறந்த ஊரை அவர் வாசிப்பைக் கேட்காமல் கடந்து போக எனக்கு மனம் வராது. 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அந்த நாகஸ்வரம் போட்டி போட்டதை வானொலி நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். அவ்வளவு விலை உயர்ந்த ஒலிபெருக்கிகளில் அந்த வாசிப்பு வந்தபோது, மருமகன் தானாகவே வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தான்.

இந்தச் சாலைகளில் வேகத்தடைகள் அதிகம். தாழ்ந்த வண்டிக்காரர்கள் நேராக ஏறாமல் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள்.

மோட்டார் வாகனம் என்றாலே மேல்நாட்டுக் கதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் இதே நெல்லைச் சீமையில், திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர். 1911இல் தொழிலைத் தொடங்கி, மதுரையை மையமாக வைத்துப் பேருந்து விட்டவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் செய்து கொடுத்தது. ஆல்ப்ஸில் ஸ்டெல்வியோவை வெட்டியவர்களைப் போலவே, வண்டி போக முடியாத நிலையில் வண்டியைப் போக வைத்தவர்கள் இங்கேயும் உண்டு.

மேலப்பாளையம் வழியாக வந்து கொக்கிரகுளத்தில் நிறுத்தினோம். 1843இல் கட்டிய பாலம், சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சுலோச்சன முதலியார், ஆற்றைக் கடக்க மக்கள் படும் பாட்டைப் பார்த்து, தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டித் தந்தது. மேலே ஓட்டிப்போனால் பாலத்தின் அழகு தெரியாது. ஓரமாக இறங்கி வளைவுகளைப் பாருங்கள். லண்டன் மாநகரத்தின் பழைய வாட்டர்லூ பாலத்தின் சாயல் என்பார்கள். மருமகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாளையங்கோட்டையைத் தாண்டித் திருச்செந்தூர் சாலை. கிருஷ்ணாபுரம் கோயில் தூண் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்து, முன்னே சொன்ன பழைய இடுகாடு இருக்கும் ஆதிச்சநல்லூர். செம்மண்ணும் பாறையும் கலந்த மேட்டுநிலம். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டினார். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா, 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். தாழி தாழியாக முன்னோர்கள். இப்போது அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். ஆற்றின் தென்கரையில் இருந்துகொண்டு எத்தனை தலைமுறை இந்தத் தண்ணீரைக் குடித்திருக்கும் என்று அங்கே நின்று யோசிக்காமல் இருக்க முடியாது.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை வழி முழுக்க வாழை. இந்தப் பசுமைக்குள் 2023 டிசம்பரின் வடு இன்னும் இருக்கிறது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு பெருகி, குளங்கள் உடைந்து, சாலைகள் அறுந்து போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. சுற்று ஊர்க்காரர்கள் அரிசி பருப்போடு வந்து அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்தப் பகுதியைக் கடக்கும்போது வண்டியை யார் ஓட்டினாலும் சற்று மரியாதையோடு ஓட்ட வேண்டும்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்கள். அதையும் தாண்டி, உப்புக்காற்று அடிக்கத் தொடங்கியபோது புன்னக்காயல். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தங்கிய துறைமுகம். போர்த்துகீசியத் துறவி அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து தமிழில் எழுதிய ஊர். அவருடைய தம்பிரான் வணக்கம் என்ற நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது. காலையில் பாறைகளில் மோதி இரைந்த ஆறு, இங்கே அலையாத்திச் செடிகளுக்கு நடுவே கிளை பிரிந்து, சத்தமில்லாமல் கடலுக்குள் போகிறது.

"முடிஞ்சிட்டா மாமா?" என்றான்.

"முடிஞ்சிட்டு மருமவனே."

நேயர்களே, நீங்கள் போவதானால் பிசானப் பருவ நெல் பச்சை கட்டி நிற்கும் தை மாதம் நல்லது. மழை எச்சரிக்கை இருக்கிற நாளில் வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் தேவையே இல்லை. பழைய மாருதியும் போகும், அரசுப் பேருந்தில் மாறி மாறியும் போகலாம். விடியுமுன் பாபநாசத்தில் இருங்கள். மதியத்துக்குள் நெல்லையைத் தாண்டுங்கள். புன்னக்காயலில் தெருக்கள் குறுகல், படகுக்காரர்கள் வலை காயப்போடும் இடமும் அதுதான். வண்டியை ஊர் முகப்பிலேயே நிறுத்திவிட்டு, முகத்துவாரத்துக்கு நடந்து போங்கள்.