வெயிலுக்குப் பூசுவதும் கடலுக்குச் சேர்வதும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நாங்கள் பேச வந்தது வேறொன்று. அது எங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறது.

எங்கள் வகுப்புத் தோழிகள் பதினொரு பேர் நிலாவெளிக்குச் சுற்றுலா போனோம். புறாத்தீவுக்குப் படகேறுமுன் எல்லோரும் சன் கிரீம் பூசிக்கொண்டோம். கூட்டத்தில் இருந்த வைத்தியர்களான நாங்களே மற்றவர்களுக்கும் தாராளமாகப் பூசிவிட்டோம். அங்கே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சில நிமிடங்களில் எங்களைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மினுங்கியது. "இது எங்கட மேலில இருந்து வந்ததோ?" என்று ஒருத்தி கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நாலடி தள்ளி முருகைக்கற்கள் இருந்தன.

முருகைக்கல் கல் அல்ல, உயிருள்ள விலங்கு என்று இந்தக் கல்லூரியின் விஞ்ஞான வகுப்பில்தான் படித்தோம். அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்களே அதற்கு உணவும் நிறமும் கொடுக்கின்றன. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அது அல்காக்களை வெளியேற்றி வெளிறிப் போகும். வெப்பம் தணியாவிட்டால் இறந்துவிடும். 1998 இல் நம் நாட்டின் முருகைக்கற் பாறைகள் பல அப்படித்தான் அழிந்தன. ஹிக்கடுவவும் அதற்குத் தப்பவில்லை.

சன் கிரீம்களில் இரண்டு வகை உண்டு. ஒருவகையில் உள்ள இரசாயனங்கள் கழியூதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற் போன்றவை இவை. மற்றது கனிம வகை. அதில் இருப்பவை நாக ஒட்சைட்டும் தைத்தானியமீரொட்சைட்டும். ஒக்சிபென்சோன் முருகைக்கல்லின் இளம் குடம்பிகளைச் சிதைப்பதாக 2016 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முருகைக்கல்லின் உறவான கடல் அனிமனி, உடலுக்குள் சேரும் ஒக்சிபென்சோனைச் சர்க்கரையோடு இணைத்து, வெளிச்சம் பட்டால் நஞ்சாகும் பொருளாக மாற்றிவிடுகிறது என்று 2022 இல் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்மைக் காக்கும் பொருள் அதற்கு எதிரியாகிவிடுகிறது. பலாவு நாடு 2020 இலும் ஹவாய் 2021 இலும் இத்தகைய கிரீம்களின் விற்பனையைத் தடைசெய்தன. தாய்லாந்து 2021 இல் தன் கடல்சார் தேசிய பூங்காக்களில் இவற்றைத் தடுத்தது.

வைத்தியர்கள் என்ற வகையில் ஒன்றை மறைக்கக் கூடாது. முருகைக்கல்லின் முதல் எதிரி சன் கிரீம் அல்ல, சூடேறும் கடல்தான். ஆய்வுகூடத் தண்ணீரில் கண்டது திறந்த கடலில் எவ்வளவு நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. என்றாலும் நோயாளியின் பெருநோயை உடனே மாற்ற முடியாதபோது, சிறு காயத்தையாவது பெருக்காமல் பார்ப்பது எங்கள் தொழில். ஆழமில்லாத, ஆட்கள் நெருக்கமாகக் குளிக்கும் புறாத்தீவு, ஹிக்கடுவ போன்ற இடங்களில் அந்தக் கவனம் வேண்டும்.

இந்தப் பாறைகள் நமக்கு என்ன செய்தன என்பதையும் மறக்கக் கூடாது. சுண்ணாம்புச் சூளைகளுக்காகத் தெற்குக் கரையில் முருகைக்கல்லை வெட்டி எடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவவில் அலை குறைவாகவே உள்ளே வந்திருந்தது. அருகே, பாறை வெட்டப்பட்ட பெரலியப் பக்கத்தில் அது வெகுதூரம் ஏறியிருந்தது. ரயிலையே அலை புரட்டிய இடம் அது.

இனி, என்ன செய்யலாம்? முதலாவது, துணியும் நிழலும். நீளக் கை நீச்சலுடை, தொப்பி, குடை. காலை பத்து மணிக்கு முன்போ பின்னேரம் நாலு மணிக்குப் பின்போ கடலில் இறங்குவது. பூச வேண்டிய தோல் அப்போது முகமும் கழுத்தும் கையும் மட்டுந்தான்.

இரண்டாவது, லேபிளை வாசியுங்கள். ஒக்சிபென்சோனை 'பென்சோபீனோன்-3' என்றும், ஒக்ரினொக்சேற்றை 'எதில்ஹெக்சில் மெதொக்சிசின்னமேற்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். 'முருகைக்கல்லுக்குப் பாதுகாப்பானது' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பொதுவான வரையறை இல்லை. கனிம வகையிலும் மிக நுண்ணிய நானோத் துகள் இல்லாததைத் தேடுங்கள்.

மூன்றாவது, எங்கள் நிறம். "டொக்டர், அதைப் பூசினா மா அப்பின மாதிரி இருக்கு" என்று ஒருகொடவத்தையில் எங்களிடம் வரும் பெண்கள் சொல்வது உண்மைதான். மண்ணிறச் சாயல் சேர்த்த கனிம கிரீம் அதற்குத் தீர்வு. கலமைன் லோஷனுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கும் அதே இரும்பு ஒட்சைட்டுத்தான் அதிலும் இருக்கிறது. கலமைன் சன் கிரீமுக்கு மாற்று அல்ல. ஆனால் அந்த இரும்பு ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால், முகத்தில் மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் நன்மை.

ஒரு எச்சரிக்கை. லூப்பஸ் போன்ற நோயுள்ளவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சன் கிரீமை நிறுத்திவிடக் கூடாது. வகையை மாற்றலாம், பாதுகாப்பை விடக் கூடாது. மாற்றுமுன் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

"நாங்கள் கடலுக்கே போவதில்லை" என்பீர்கள். ஒருகொடவத்தைக் குளியலறையில் நாம் கழுவிவிடும் தண்ணீர் எந்த வழியால் போனாலும் கடைசியில் களனி ஆற்றையோ முகத்துவாரக் கடலையோதான் சேர்கிறது.

வரும் வருடம் எங்கள் பதினொரு பேரும் மறுபடி நிலாவெளிக்குப் போக இருக்கிறோம். நீளக் கைச் சட்டைகள் இப்போதே தைத்தாகிவிட்டன. தங்கைமாரே, உங்களில் யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், இன்னொரு படகு பிடிப்போம்.