பாதிச் சாப்பாட்டில் களைக்கும் தொண்டை
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தந்திருக்கும் நேரம் கொஞ்சம். ஆகவே ஒரேயொரு நோயைப் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

சாப்பிடும்போது புரைக்கேறினால் “யாரோ நினைக்கினம்” என்று உச்சந்தலையில் தட்டிவிடுவோம். எப்போதாவது வந்தால் பரவாயில்லை. ஆனால் ஒருவர் முதல் ஐந்தாறு வாய்ச் சோற்றை நன்றாக விழுங்குகிறார். கோப்பையில் பாதி இருக்கும்போது நாடியைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்லுகிறார். தண்ணீர் குடித்தால் மூக்கால் வருகிறது. காலையில் இல்லாத கஷ்டம் இரவுச் சாப்பாட்டில் வருகிறது. இப்படியென்றால் தொண்டையில் அடைப்பைத் தேடுவதோடு நின்றுவிடக் கூடாது. களைத்துப்போவது தசை.

மயஸ்தீனியா கிராவிஸ் என்பது அதன் பெயர். நரம்பின் நுனியிலிருந்து வரும் அசற்றைல்கோலின் தசையிலுள்ள வாங்கிகளில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். பெரும்பாலான நோயாளர்களில், உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த வாங்கிகளைத் தாக்குகிறது. முதற் சில அசைவுகளைத் தசை சமாளிக்கும், பிறகு கைவிடும், ஓய்வெடுத்தால் திரும்பவும் வேலை செய்யும். இதனால்தான் காலையில் வைத்தியரிடம் போனால் எல்லாம் சரியாக இருக்கும். கமரா விட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. 40 வயதுக்குட்பட்டவர்களில் இது பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. அந்த வயதுப் பெண்ணிடம் “யோசனை கூடிப்போச்சு” என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு சுலபம்! விழுங்கப் பயந்து, கொண்டாட்டங்களைத் தவிர்த்து, தனியே இருந்து சாப்பிட்டு மெலிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவிகளுக்கு ஒன்று. அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, தொடக்கத்தில் தெளிவாக இருந்த குரல் போகப் போக மூக்கால் கதைப்பதுபோல் ஆகிறதா? வீடியோவில் பின்னேரங்களில் ஒரு கண்ணிமை தொங்குகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறாரா? மூக்குக்கண்ணாடியை மாற்றுவதோடு விட்டுவிடாமல் நரம்பியல் வைத்திய நிபுணரிடம் அனுப்புங்கள். ஆண்களில் இது 60 வயதுக்குப் பிறகு கூடுதலாக வருவதால், அப்பாவின் குரலையும் கவனியுங்கள்.

விழுங்கும் கஷ்டம் வேறு நரம்பு, தசை நோய்களிலும் வரும். இதைத் தெரிந்தெடுத்த காரணம், இதற்கு மருந்து உண்டு. அதற்கு வழிகாட்டியவர் ஒரு பெண் வைத்தியர். 1934இல் லண்டன் கிறீனிச்சிலுள்ள சென் அல்ஃபேஜ் வைத்தியசாலையில் வேலை செய்த மேரி வோக்கர், இந்நோய் கியூராரே நஞ்சின் விளைவைப் போலிருப்பதைக் கவனித்து, அந்த நஞ்சுக்கு மாற்றான பைசோஸ்டிக்மினை ஊசியாகக் கொடுத்தார். தொங்கிய இமை சிறிது நேரத்துக்கு மேலே எழுந்தது. இன்று கொடுக்கும் பிரிடோஸ்டிக்மின் குளிசை அதே குடும்பம்தான். சாப்பாட்டுக்கு அரை மணி தொடக்கம் ஒரு மணித்தியாலம் முன்பு எடுத்தால் விழுங்குவது இலகுவாகும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும், சிலருக்குத் தைமஸ் சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு.

இந்நோய் உள்ளவர்கள் ஜென்ரமைசின், சிப்ரோபுளொக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக் மருந்துகளால் மோசமாகலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். விழுங்க முடியாததோடு மூச்சு முட்டினால், எச்சிலைக்கூட இருமித் துப்ப முடியாவிட்டால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.