தனியார் ஜெட் விமானி வேலை: பெற்றோர் போட வேண்டிய கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் 'படிப்பும் வேலையும்' மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விமானம் ஓட்டுவதைப் பற்றிப் பேச இவர் யார் என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான். என் எல்.எஃப்.சி. பயணங்கள் எல்லாமே ரயிலில்தான். ஆனால் வங்கியில் பல வருடம் கல்விக் கடன் மேஜையில் உட்கார்ந்தவன் நான். பைலட் படிப்புக்குக் கடன் கேட்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகன் ஒரு தனியார் ஜெட் கம்பெனியில் கோ-பைலட்டாக இருக்கிறான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். நம் வளாகத்திலேயே சில வீடுகளில் "ஃபிளாட்டை அடமானம் வைத்துப் படிக்க வைக்கலாமா?" என்ற பேச்சு ஓடுகிறது. அதற்கு ஆம், இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. கமர்ஷியல் பைலட் லைசென்சுக்கு வயது 18 ஆக வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். என்னைப் போல் காமர்ஸ் எடுத்தவர்கள் அந்த இரண்டு பாடங்களையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதித் தேறி வருவது உண்டு. 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் தேற வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று: பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் தள்ளிவிட மாட்டார்கள். நிறங்களைப் பிரித்தறிவதிலோ இதயத்திலோ காதிலோ குறை இருந்தால், அது பாதிப் பணம் கட்டிய பிறகு தெரிவதில் என்ன பயன்?

அடுத்து செலவு. பறக்கும் பயிற்சிக்கு 50 லட்சமும் அதற்கு மேலும் ஆகிறது. லைசென்ஸ் வந்தால் உடனே எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ரக ஜெட்டுக்கும் 'டைப் ரேட்டிங்' என்று தனிப் பயிற்சி உண்டு. ஏர்பஸ் 320-க்குச் செய்தது செஸ்னா சைட்டேஷனுக்குச் செல்லாது. சைட்டேஷனுக்குச் செய்தது ஃபால்கனுக்குச் செல்லாது. பிசினஸ் ஜெட்டுகளுக்கான சிமுலேட்டர் பயிற்சிக்குப் பெரும்பாலும் வெளிநாடு போக வேண்டியிருக்கும்.

இப்போது என் மேஜைக்கு வருவோம். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்காது. தவணை தொடங்கும் நாளில் வட்டியும் சேர்ந்து 60 லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 64,500 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 1 கோடியே 16 லட்சம். தொடர்ந்து மூன்று மாதம் தவணை நின்றால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அப்புறம் நோட்டீஸ் வருவது அடமானம் வைத்த ஃபிளாட்டுக்குத்தான். வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிச் சலுகை உண்டு, பழைய வரி முறையில் இருந்தால். அது ஆறுதல் பரிசுதான்.

சரி, வேலை கிடைக்குமா? 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் ஆர்டர் கொடுத்தன. அதைப் படித்துத்தான் பலருக்கு ஆசை வந்தது. அந்த விமானங்கள் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதே 2023-ல் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டும் 1,600 பேருக்கு மேல். ஆகவே வரிசை நீளம். அந்த வரிசையில் நிற்கும்போதுதான் "தனியார் ஜெட் கம்பெனியில் சேர்ந்தால் என்ன?" என்ற யோசனை வருகிறது.

நம் நாட்டில் வாடகை விமானக் கம்பெனிகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் பலவற்றிடம் ஒன்றிரண்டு விமானம்தான். இரண்டு ஜெட் வைத்திருக்கும் கம்பெனிக்குப் பத்து விமானிகள் இருந்தால் தாராளம். யாராவது விலகினால்தான் இடம். அந்த இடத்துக்கும் 200 மணி நேரக்காரரைவிட அனுபவம் உள்ளவரையே கேட்பார்கள், ஏனென்றால் காப்பீட்டுக் கம்பெனியும் வாடிக்கையாளரும் அதைப் பார்ப்பார்கள். புதியவர்களுக்குக் கிங் ஏர், பிலாட்டஸ் போன்ற சிறிய டர்போபிராப் விமானங்களில் வாய்ப்பு சற்று அதிகம். பெண் பிள்ளைகள் தயங்க வேண்டாம். இந்தியாவில் பெண் விமானிகளின் விகிதம் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம்.

வேலைக்குள் நுழைந்த பிறகு எப்படி? இதில் அக்கா மகன் சொன்னதைச் சொல்கிறேன். பெரிய விமான நிறுவனத்தில் அடுத்த மாத ரோஸ்டர் கைக்கு வந்துவிடும். இங்கே ஃபோன்தான் ரோஸ்டர். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு, "காலையில் ஐந்து மணிக்கு அகமதாபாத்" என்பார்கள். போய் இறங்கினால் முதலாளியின் கூட்டம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். சில நாள் கூட்டம் நீண்டு அங்கேயே தங்கல். எரிபொருள், சாப்பாடு, பெட்டிகளை ஏற்றுவது எல்லாவற்றையும் விமானிகளே கவனிப்பது உண்டு. இன்று தொழிலதிபர், நாளை தேர்தல் பிரசாரம், அடுத்த நாள் ஏர் ஆம்புலன்சில் ஒரு நோயாளி. "மாமா, அந்த நோயாளி நல்லபடியாய் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்னு கேட்கிறப்போ தூக்கமே தேவையில்லை" என்று அவனே சொல்வான். சிறிய ஊர் ஓடுபாதைகள், புதுப்புது இடங்கள் என்று கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆனால் பறக்கும் நேரம் குறைவு. பெரிய நிறுவனத்தில் வருடம் 700, 800 மணி நேரம் சேரும்போது இங்கே 300, 400 சேர்ந்தால் பெரிது. அடுத்த படியான ஏ.டி.பி.எல். லைசென்சுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அதன் உட்பிரிவுகளை விட்டுவிடுங்கள். அங்கே இரண்டு வருடத்தில் எட்டும் தூரம், இங்கே நான்கு வருடம் ஆகலாம். சம்பளப் பேச்சிலும் இதைக் கவனியுங்கள். நிலையான சம்பளம் எவ்வளவு, பறந்தால்தான் வரும் படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தவணை கட்ட முதல் தொகையை மட்டும் நம்புங்கள்.

பெரிய நிறுவனம் என்றால் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. சம்பள பாக்கியோடு விமானிகள் வெளியே வந்தார்கள். தவணை மட்டும் நிற்கவில்லை.

அடுத்தது 'பாண்ட்'. டைப் ரேட்டிங் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, இத்தனை வருடம் விலகக் கூடாது என்று எழுதி வாங்கும். இதில் தவறு இல்லை. ஆனால் சில இடங்களில் தேதி போடாத காசோலையும் அப்பாவின் ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறார்கள். காசோலை பணமின்றித் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு இருக்கிறது: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்பது ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு. வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வருடத்துக்கு வருடம் பாண்ட் தொகை குறையுமா, கம்பெனியே மூடினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, பணத்தைவிடப் பெரிய விஷயம். தனியார் ஜெட்டில் பயணி உங்கள் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். பலசமயம் அவரே முதலாளி. "இறங்கித்தான் ஆகணும்" என்று அவர் சொல்லலாம். 2001 மார்ச் 29 அன்று அமெரிக்காவில் ஆஸ்பென் என்ற மலை ஊரில் ஒரு வாடகை கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விழுந்து 18 பேரும் இறந்தார்கள். ஓடுபாதை கண்ணில் படாமலேயே விமானிகள் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். புறப்படவே தாமதமாகியிருந்தது. அந்த விமான நிலையத்தில் இரவில் தரையிறங்கக் கட்டுப்பாடும் இருந்தது. இவற்றோடு, வாடகைக்கு எடுத்தவரிடமிருந்து கேப்டனுக்கு வந்த நெருக்கடியையும் விசாரணை அறிக்கை துணைக் காரணமாகக் குறிப்பிட்டது. "முடியாது சார், திரும்பிப் போகலாம்" என்று சொல்லும் தைரியம் விமானிக்கு வேண்டும். அப்படிச் சொன்னவரைக் காக்கும் கம்பெனியும் வேண்டும். மாதத் தவணை 64,500 கழுத்தைப் பிடிக்கும்போது இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை எளிதில் வாயில் வருமா? வீட்டுக் கடன் கணக்கு விமானத்துக்குள்ளும் வந்து உட்காரும் என்பதுதான் என் கவலை.

ஆகவே சேரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். கம்பெனியிடம் வாடகைக்கு ஓட்டும் டி.ஜி.சி.ஏ. பெர்மிட் இருக்கிறதா? சொந்த உபயோகத்துக்குப் பதிவான விமானத்தை வாடகைக்கு ஓட்டுவது விதிமீறல். வாரத்தில் உறுதியான ஓய்வு நாள் எது? மருத்துவத் தகுதி போனால் காப்பீடு உண்டா? போன வருடம் விலகிய விமானிகள் யார், ஏன் விலகினார்கள்? நான்காவதற்கு விலகியவரிடமே பேசிப் பாருங்கள்.

வீட்டுக்கும் ஒரு கேள்வி: பிள்ளைக்கு லைசென்ஸ் வந்து இரண்டு வருடம் வேலை கிடைக்காவிட்டாலும், இருக்கும் வருமானத்தில் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால் தைரியமாக அனுப்புங்கள். முடியாது என்றால் பிள்ளை ஒரு பட்டம் முடிக்கட்டும், விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்களுக்கு முயலட்டும், கொஞ்சம் சேமிப்பும் சேரட்டும். லைசென்ஸ் இருபத்தைந்து வயதிலும் வாங்கலாம்.

கடன் படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர் ஞாயிறு காலையில் சங்க அறைக்கு வாருங்கள். பாண்ட் தாளையும் கையோடு கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.