நிலத்தடி நீரும் நம் கடமையும்

(கொடுங்கையூரில் கூடிய சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குப்பை மேட்டையும் ஆலைப் புகையையும் நித்தியம் காணும் கொடுங்கையூரில் உழவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறதென்று சிலர் நினைக்கலாம். நம்மிற் பலருக்கு மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் பூர்வீக நிலம் இன்னும் இருக்கிறதன்றோ? அதைக் குறித்தே அடியேன் சில சொல்ல வந்தேன்.

மீஞ்சூர்ப் பிரதேசத்தில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்குமாக அளவின்றி நீர் இறைக்கப்பட்டமையால், 1969-ஆம் வருஷத்திலேயே கடல்நீர் நிலத்தடியிற் புகுந்தது காணப்பட்டது. பின்னர் அது உள்நாட்டில் பல மைல் பரவிற்று. என் தந்தையார் அள்ளிக் குடித்த கிணற்று நீரை இன்று மாடும் முகர்ந்து விலகுகிறது.

இந்நிலையில் நீரைச் சிக்கனஞ் செய்வார்க்குச் சர்க்கார் கைகொடுக்கிறது. 1883-ஆம் வருஷத்து நில அபிவிருத்திக் கடன் சட்டத்தின்படி அக்காலத்தில் கிடைத்தது கடன், திருப்பிக் கட்டவேண்டியது. இன்று சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டிற் கிடைப்பதோ மானியம். ஐந்து ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு, நிர்ணயித்த மதிப்புக்குள் 100 சதவீதம். ஏனையோர்க்கு 75 சதவீதம். காய்கறி, மலர், வாழை பயிரிடுவோர்க்கு இது மிகவும் ஏற்றது. நெல் விளைப்போர், 2024-இல் தொடங்கிய மண்வளத் திட்டத்தில் தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாளுர விதைகளை மானியத்திற் பெறலாயினர். சொட்டுநீரால் உவர்ந்த கிணறு உடனே இனித்துவிடாது. ஆயினும் இறைப்பது குறையக் குறையக் கடலின் ஏற்றமும் தணியும்.

இனி, என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டா காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே கிடந்தது. பங்காளிகள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்தோம். மானியத்துக்கு மனுச் செய்தபோது பட்டா சரியில்லையென்று திரும்பிவிட்டது. அவ்வருஷப் பயிரும் காய்ந்தது. அதிகாரிகளை நோவதற்கு இடமில்லை. பிறர் பிள்ளைகளுக்கு ஒற்றுமையைப் போதிக்கும் தமிழாசிரியனாகிய நான், உடன்பிறந்தார் வாசற்படி ஏற மூன்று வருஷம் தாமதித்தேன்! குற்றம் அதுவே.

ஆகையால் சகோதரர்களே, முதலில் பட்டாவைச் சீர்செய்து கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று இவற்றோடு தோட்டக்கலை அலுவலகத்தை அணுகுங்கள். கிடைத்த குழாய்களை மூலையில் எறியாமற் பேணுங்கள். அது பொதுஜனங்களின் வரிப்பணம். கல்வி கற்ற நம் வாலிபர்கள் ஞாயிறுதோறும் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, எழுதப்படிக்க அறியாத முதியோர்க்கு மனுக்களைப் பதிவு செய்து தரவேண்டும்.

சர்க்கார் பணம் தரலாம். பங்காளிகளின் மனம் ஒன்றுபடுவதற்கு மானியம் கிடையாது. அதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.