நஞ்சுப் பச்சை

நான் ஜேர்மனியில் தாதியாக வேலை செய்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு ஜேர்மன் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: 'கிஃப்ட்குரூன்'. கண்ணைக் குத்துகிற பச்சை நிறத்துக்கு இங்கே அப்படிச் சொல்வார்கள். கிஃப்ட் என்றால் நஞ்சு, குரூன் என்றால் பச்சை.

உண்மையாகவே நஞ்சான ஒரு பச்சை இருந்தது. 1814இல் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் வில்ஹெல்ம் சாட்லர் அதைத் தயாரிக்கத் தொடங்கினார். செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த வண்ணம் அது. அழகாக இருந்ததால் சுவருக்கு ஒட்டும் தாளிலும் உடுப்பிலும் பூசினார்கள். ஈரச் சுவர்களில் அது ஆபத்தானது என்று 1839இல் வேதியியலாளர் லியோபோல்ட் க்மேலின் எச்சரித்தார். அத்தகைய வண்ணங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் 1887இல் வந்தது.

இனிச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'கிஃப்ட்' பிறந்தது 'கேபன்', அதாவது கொடு என்ற வினையிலிருந்து. பழைய ஜேர்மனில் அதற்குக் கொடை என்றுதான் பொருள். சீதனத்துக்கு இன்றும் 'மிட்கிஃப்ட்' என்கிறார்கள்: கூடக் கொடுத்து அனுப்புவது. நாங்கள் தினமும் சொல்லும் 'டோஸ்' என்பதன் கிரேக்க மூலத்துக்கும் கொடுத்தல்தான் பொருள். அதைப் பின்பற்றியே கொடை, கொடுக்கப்பட்ட மருந்தாகி, நஞ்சாகியது. 'குரூன்' வளர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கொடுப்பதும் வளர்வதும் சேர்ந்து ஒரு நஞ்சின் பெயர்!

நாங்கள் சிரிக்க வேண்டாம். இதே பச்சையைப் பின்னர் உருளைக்கிழங்கு வண்டுகளைக் கொல்லவும் தெளித்தார்கள். அப்படித் தெளிப்பதைத் தமிழில் என்ன சொல்கிறோம்? பூச்சிமருந்து. ஊரில் ஒருவர் 'மருந்து குடிச்சிட்டார்' என்றால் எல்லோருக்கும் விளங்கும், நெஞ்சு பதறும். நஞ்சு என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஆனால் அந்த வசனத்தை இங்கே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், வைத்தியர் மாத்திரை என்றே நினைப்பார். எந்த நஞ்சு என்று தெரிந்தால் சரியான சிகிச்சைக்கு அது உதவும்.

நஞ்சு சம்பந்தமான அவசர உதவிக்கு இங்கே தனித் தொலைபேசிச் சேவை உண்டு. அதன் பெயர் 'கிஃப்ட்நோட்ரூஃப்'. அப்பா அம்மாவுக்காக மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: அழைக்கும்போது மருந்து என்று சொல்லாதே, கிஃப்ட் என்று சொல், போத்தலில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக வாசி.